கோடு விட்ட மஞ்சள் மீன்

கனகத்தின் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிகளில் பிறர் வீட்டுச் சாவிகள்.

ஹைதராபாத் அல்வாலில் அந்த அடுக்குமாடியில் பாதிக்கு மேல் மத்திய அரசு வேலைக்காரர்கள். அரசு செலவில் ஊர் சுற்றும் எல்.டி.சி. விடுப்பு எடுத்தால் ஒரு மாதம் என்று கிளம்பிவிடுவார்கள். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கடைசியாக மூன்றாம் மாடிக்கு ஓடி வந்து கனகத்தின் கையில் சாவியைக் கொடுப்பார்கள். செடிக்குத் தண்ணீர், வாசலில் விழும் பேப்பர், எப்போதாவது கேஸ் சிலிண்டர். யாரும் கேட்டுக்கொண்டு இப்படி ஏற்பாடு ஆகவில்லை. எப்படியோ ஆகிவிட்டது. பிறர் வீட்டுக்குள் போனால் செடி இருக்கும் பால்கனி வரைதான் போவாள், படுக்கையறைக் கதவு திறந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வேலை சனத்நகரில் ஒரு வார்ப்பாலையில். எக்ஸ்ரே ஃபிலிம் படிப்பது. வார்த்தெடுத்த பாகத்துக்குள் குமிழியோ விரிசலோ இருக்கிறதா என்று, பாகத்தை உடைக்காமல் பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைப்பதற்கு முன்னால் இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டில் ஊறினால்தான் மயிரிழை போன்ற கோடு தெரியும். ஃபிலிமில் வெளுப்பாக இருப்பது உலோகம். கறுப்பாக இருப்பது ஓட்டை. பாலிடெக்னிக் முடித்த நாளிலிருந்து இதையே பார்த்து, உலகத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. அவள் கணவர் ஜெகநாதன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைத்தான் நாசூக்கில்லாமல் சொல்லுவார்: வெள்ளைச் சோற்றைப் பார்த்தாலும் இவளுக்கு அதற்குள் இருக்கிற கறுப்புதான் முதலில் தெரியும் என்று.

எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணனும் வேதாவும் மகன் அபிநவின் நிச்சயதார்த்தத்துக்காகக் கோயம்புத்தூர் போனார்கள். அப்படியே சொந்தக்காரர்கள் வீடு, கோவில்கள் என்று ஒரு சுற்று. லக்ஷ்மிநாராயணன் பாலாநகர் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது இந்த முறை செடியைப் பற்றிப் பேசவில்லை. கனகத்தை உள்ளே கூட்டிப்போய் மீன் தொட்டியைக் காட்டினார்.

ஐந்து மீன்கள். நான்கு, எலுமிச்சை மஞ்சள் உடம்பில் நீளவாக்கில் கறுப்புப் பட்டைகள். ஒன்று மட்டும் கரிநீலம், நடுவில் வெளிறிய நீலப் பட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் ஃபெலிக்ஸ் ஒரு ஆண், நான்கு பெண் என்று சொல்லி விற்றாராம். பெயர் ஆரட்டஸ். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு ஏரி, அங்கே பாறை இடுக்கில் வாழ்கிற ஜாதி. ஹைதராபாத் போர் தண்ணீரின் உப்பு அதற்கு ஒத்துக்கொள்கிறது என்றார். பருப்பு வேகாத தண்ணீர் யாருக்காவது பிரயோஜனப்பட்டால் சரி என்று கனகம் நினைத்துக்கொண்டாள்.

வேதாவுக்குக் கறுப்பு மீன்தான் உசத்தி. அதற்கு மட்டும் கறுப்பன் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டுதான் காலை காபி குடிப்பாளாம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, தீனி கொஞ்சமாகப் போடுங்கோக்கா, கறுப்பனுக்குப் பேராசை என்றாள்.

முதல் சில நாட்கள் கனகம் தீனியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் ஹால் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியின் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபிலிம் அறை மாதிரியே இருந்தது. ஃபிலிம் அறைக்குள் ஃபோன் கூடாது என்பது ஆலை விதி. அந்தப் பழக்கத்தில் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவாள். கண் ஊறியதும் மீன்கள் ஐந்து என்பது மாறி, ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

மூக்கு துவாரம் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். வீட்டில் வாங்கும் மீனுக்கு இரண்டிரண்டு இருக்குமே என்று யோசித்தாள். சந்தேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெகநாதன் வாங்கி வந்த ரோகு மீனின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டிரண்டுதான். பிறகு இணையத்தில் தேடியபோது, ஆரட்டஸ் சிக்லிட் என்னும் குடும்பம், அந்தக் குடும்பத்துக்கே பக்கத்துக்கு ஒரு துவாரம்தான் என்று இருந்தது. ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்.

"அப்போ வறுத்துத் தின்னலாம்னு சொல்லு" என்றார் ஜெகநாதன்.

கறுப்பனின் அடித்துடுப்பில், வாலுக்குப் பக்கத்தில், கடுகு அளவு மஞ்சள் பொட்டு. மீன் முட்டை ஒட்டிக்கொண்ட மாதிரி. வால் துடுப்பின் மேல்பாதியில் புள்ளிகள், கீழ்ப்பாதியில் இல்லை. மஞ்சள் மீன்கள் நான்கும் ஒரே மாதிரி என்றுதான் லக்ஷ்மிநாராயணன் சொல்லியிருந்தார். ஒரே மாதிரி இல்லை. ஒன்றுக்கு முதுகுத் துடுப்பின் நுனி கிழிந்திருந்தது. ஒன்றுக்கு வயிறு பருமன். இன்னொன்று எப்போதும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. அதன் இடது பக்க நடுப்பட்டையில், முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்கு நேர் கீழே, கறுப்பு ஒரு அரிசி அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. பட்டை அறுந்து, அந்த இடத்தில் மஞ்சள். வலது பக்கம் முழுசாக இருந்தது. வார்ப்பில் ஓடி வருகிற உலோகம் ஒரு இடத்தில் சேராமல் நின்றுவிட்டால் ஃபிலிமில் இப்படித்தான் தெரியும். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மனதுக்குள் கோடு விட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

தவறு ஒரு சாதாரணக் காலையில் நடந்தது. மூடியைத் தூக்கித் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தன் வீட்டு மணி அடித்தது. சிலிண்டர்காரர். ஜெகநாதன் குளியலறையில். மூடியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். சிலிண்டரை உள்ளே உருட்டி, கையெழுத்துப் போட்டு, ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். மறுநாள் காலை வந்தபோது தொட்டியில் மஞ்சள் மட்டும் இருந்தது. கறுப்பன் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்து கிடந்தது. எடுத்தபோது புளியம்பழத்து ஓடு மாதிரி கனமில்லாமல் இருந்தது.

அன்றைக்கு மறுநாள் நிச்சயதார்த்தம்.

நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறவர்களிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. மீனானாலும் அவர்கள் வீட்டு உயிர். வந்ததும் முதல் வேலையாக நேரில் சொல்லிவிடுவது என்று கனகம் முடிவு செய்தாள். மீனைக் கீழே காம்பவுண்டு ஓரத்துப் பாதாம் மரத்தடியில் புதைத்தாள்.

ஜெகநாதன் எளிய வழி சொன்னார். "லோதுகுண்டாவுல அந்த ஃபெலிக்ஸ் கடை இருக்குது இல்ல. அதே மாதிரி கறுப்பா ஒண்ணு வாங்கி உட்டுடு. மீனுக்கு ஆதார் கார்டா இருக்குது?"

"நக்கோ, வேணாம்" என்றாள் கனகம். கணவரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டுமென்றால் அவளுக்கு உருதுதான் வரும். ஆலையில் பழுதான பாகத்துக்குப் பதிலாக நல்ல பாகத்தின் ஃபிலிமை வைத்துக் கொடுத்த ஒருவரை அவளுக்குத் தெரியும். அவர் பெயரை இன்னும் யாரும் அங்கே சொல்வதில்லை.

அந்த வாரக் கடைசியில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிற்கிற மீன் வெளியே வந்தது. முதலில் உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தாள். அதன் மஞ்சள் அழுக்காகிக்கொண்டு வந்தது. வயிற்றுப் பக்கம் புகை படிந்த மாதிரி. மற்ற மூன்றும் பளிச்சென்று இருந்தன. தீனியைக் குறைத்தாள், தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினாள். அழுக்கு கூடியது. ஆனால் அது நோயாளி மாதிரி நடந்துகொள்ளவில்லை. நன்றாகத் தின்றது. மற்றவற்றைத் துரத்தியது. கறுப்பன் குடியிருந்த கல்லுக்கு அடியில் வாயால் மணலை அள்ளித் துப்பிக் குழி பறித்தது.

பிறகு கனகம் வேலை விட்டு வந்ததும் நேரே அங்கேதான் போனாள். வீட்டில் குக்கர் தாமதமானது. மஞ்சள் கருகி நீலமானது. கறுப்புப் பட்டை அதே இடத்தில் இருந்துகொண்டு வெளுத்தது. முதலில் பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு வெளிர்நீலம். கறுப்பு இருந்த இடம் வெளுப்பு, வெளுப்பு இருந்த இடம் கறுப்பு. கழுவுகிற தொட்டியில் ஃபிலிம் தெளிந்து வருவதை நின்று பார்ப்பது போல இருந்தது. ஃபிலிமில் அது நிமிடங்களில் நடக்கும். இங்கே உயிருள்ள ஒன்று அதைத் தன் உடம்பில் மெதுவாகச் செய்துகொண்டிருந்தது. எதற்காக என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. அடித்துடுப்பில் மஞ்சள் பொட்டு கெட்டியானபோது புரிந்தது. இது பெண் இல்லை. கறுப்பன் இருந்த வரைக்கும் அடி வாங்காமல் இருக்கப் பெண்ணின் நிறத்தில் நின்றுகொண்டிருந்த ஆண். தேடிப் படித்தபோது அப்படி உண்டு என்று இருந்தது. படிப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள் என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியது எவ்வளவு சிக்கலாகிவிட்டது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வந்த அன்று கனகம் சாவியோடு அவர்கள் பின்னாலேயே உள்ளே போனாள். பெட்டியை இறக்கும் முன்பே சொன்னாள்.

"கறுப்பன் செத்துப்போச்சு சார். என் தப்புதான்."

வேதா தொட்டியைப் பார்த்தாள். கல்லுக்கு முன்னால் கரிநீல மீன் வெளிறிய பட்டையோடு நின்றுகொண்டிருந்தது.

"இதோ இருக்கானேக்கா" என்று சிரித்தாள்.

கனகம் விளக்கினாள். விளக்க விளக்க அது கதை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. வேதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மஞ்சள் ஒன்று குறைகிறதே, அதுதான் செத்திருக்கும், அக்கா குழம்பிவிட்டார் என்றாள். லக்ஷ்மிநாராயணன் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். கறுப்பன் இதைவிடப் பெரியது, இது அதுவல்ல என்றார். அது வரைக்கும் கனகத்தின் பக்கம்தான். பிறகு அவர் பெண் மீன் ஆணாகாது என்றார். ஆணாகவில்லை, முதலிலேயே ஆண்தான் என்றாள் கனகம். மூன்று வருஷமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தலையாட்டினார். நம்புகிறவர் தலையாட்டுகிற மாதிரி இல்லை.

இரண்டு நாள் கழித்து லோதுகுண்டா பக்கம் போனபோது அவர் ஃபெலிக்ஸ் கடையில் விசாரித்திருக்கிறார். தான் கொடுத்த நாலும் பெண்தான், புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று ஃபெலிக்ஸ் சத்தியம் செய்திருக்கிறார். கூடவே ஒரு தகவல்: போன மாதம் புடவை கட்டிய, நடுவயது தாண்டிய ஒரு அம்மா வந்து கறுப்பு மீன் ஒன்று வாங்கிப் போனார்களாம். ஆரட்டஸ் இல்லை, அதே மாதிரி இருக்கும் சிப்போகே என்ற இன்னொரு ஜாதி. அதுவும் கறுப்பு உடம்பு, வெளிறிய பட்டை. ரொம்ப முரடு, கூட இருப்பதைக் கொன்றுவிடும்.

அல்வாலில் புடவை கட்டிய நடுவயதுப் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் லக்ஷ்மிநாராயணனுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. கறுப்பன் செத்தது. பதிலுக்கு ஒன்று வந்தது. வந்தது மஞ்சளில் ஒன்றைக் கொன்றது. கணக்கு சரி. அவருடைய பிரிவில் பெரிய குற்றம் ஒன்றுதான்: பழுதான பாகத்தை எடுத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வேறொன்றைப் பொருத்துவது. கனகம் பாதியைச் சொல்லிவிட்டு மீதிக்கு வெட்கப்பட்டு நிறம் மாறின கதை சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். அதை அவர் சொல்லவில்லை. மாலையில் வந்து காபி வேண்டாம் என்றார். ஃபெலிக்ஸ் சொன்னதை மட்டும் சொன்னார். பிறகு வாசற்கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் இன்னும் அங்கே தொங்கிய தன் வீட்டுச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இனிமே சிரமம்."

மேடம் என்று அவர் அதுவரை சொன்னதில்லை. கனகம்மா என்பதுதான் வழக்கம்.

கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. ஜெகநாதன் டி.வி.யை நிறுத்திவிட்டு, "நான் சொன்ன மாதிரி வாங்கி உட்டிருந்தா இந்தப் பேச்சே கிடையாது. இப்போ வாங்காமலே வாங்கின பேரு. கைக்கூ இதெல்லாம், எதுக்கு?" என்றார். அடுத்த நாள் முதல் மாடி பிந்து, ஒரு வாரம் விஜயவாடா போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாவி கொடுக்காமல் போனாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். கனகம் பலகையைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். கதவைத் திறந்தால் பலகை மறைந்துவிடும். மூடினால் எதிரே வரும். பகலில் கதவைத் திறந்தே வைத்தாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்தது சரிதான், முடிவுதான் தப்பு என்று தோன்றியது. அளவு வேறு என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். ஃபிலிமைப் பார்த்து முடிவு சொல்லும்போது இரண்டு பேர் வேறு வேறு சொல்வது நடக்கிறதுதான். அப்போது சண்டை போடுவதில்லை. மறுபடி ஃபிலிமை வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு மணியை அடித்தாள். மீனை இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டாள். லக்ஷ்மிநாராயணன் வழிவிட்டார். அவள் முதலில் ஜாதியை எடுத்தாள். சிப்போகேவுக்கு முகம் நீளம், வாய் பெரிது, மீன் குஞ்சைப் பிடித்துத் தின்கிற வாய். இதன் முகம் மொட்டை, வாய் சின்னது, கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கிறது, பாறையில் பாசியைச் சுரண்டுகிற வாய். அவர் தன் ஃபோனில் இரண்டின் படத்தையும் தேடி எடுத்து, தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். படம் பார்க்கிற விஷயத்தில் அவர் நேர்மையானவர்.

"சிப்போகே இல்லை. ஒத்துக்கறேன்" என்றார். பிறகு, ஃபெலிக்ஸ் கடையில் கறுப்பு ஆரட்டஸும் விற்கிறது என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. அவரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். இணையத்தில் அவரும் படித்திருந்தார். அடங்கிப்போன ஆண் நிறத்தை இழக்கும் என்று அதிலும் இருந்தது. ஃபெலிக்ஸிடம் பெரிய ஆண் ஒன்று இருக்கிறது, பத்து நாள் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கொண்டுவந்து இதோடு விடலாம். அடி வாங்கி இது மஞ்சளாகத் திரும்பிவிட்டால் நீங்கள் சொன்னது சரி. திரும்பாவிட்டால்… அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அவர் குரலில் ஆவல்தான் இருந்தது. தோற்றுப்போவதற்கும் தயாராக இருந்தார்.

கனகம் தொட்டியைப் பார்த்தாள். கரிநீல மீன் கிழிந்த துடுப்புக்காரியின் முன்னால் பக்கவாட்டில் நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. துடுப்பெல்லாம் விரிந்திருந்தது. மூன்று வருஷம் குழாய்க்குப் பின்னால் நின்ற மீன். பத்து நாள் போதும். ஃபெலிக்ஸின் மீனிடம் அடி வாங்கும், நிறம் போகும், அவளுடைய சாவி கொக்கிக்குத் திரும்பும். வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"உடைச்சுப் பாக்கற டெஸ்டு வேணாம் சார்" என்றாள். "நான் அந்த செக்‌ஷன் இல்ல."

லக்ஷ்மிநாராயணனுக்கு அது புரிந்தது. அவருக்கும் தெரிந்த பாகுபாடுதான். வேதாவுக்குப் புரியவில்லை. பின்னே எப்படித்தான் தெரிஞ்சுக்கறதாம் என்று கேட்டாள். கனகம் வேதாவிடம் கேட்டாள், இந்தத் தொட்டி தெரிகிற மாதிரி பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று. வேதாவின் ஃபோனில் கறுப்பன் நிறைய இருந்தது. மஞ்சளை யாரும் எடுக்கவில்லை. கறுப்பனுக்குப் பின்னால் மங்கலாக எங்கோ ஒரு வால், ஒரு வயிறு. தள்ளிக்கொண்டே போனாள். அபிநவ், பெண் வீட்டார், மழை, கேக். நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குப் பக்கத்தில் தொட்டி. படிக்கு முன்னால் பட்டுப்புடவையில் வேதா. அவள் தோளுக்குப் பக்கத்தில், ஃபில்டர் குழாய் ஓரமாக, கண்ணாடியோடு ஒட்டி ஒரு மஞ்சள் மீன். இடது பக்கம் தெரிகிற மாதிரி.

கனகம் படத்தை விரலால் பெரிதாக்கினாள். முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்கு நேர் கீழே, பட்டை அறுந்திருந்தது.

இவர்களுக்கு அது போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆலையில் இப்போது ஃபிலிமைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள். கறுப்பு வெளுப்பை மாற்றிக் காட்ட அதில் ஒரு பொத்தான் உண்டு. ஃபோனிலும் அப்படி ஏதாவது இருக்குமே என்று கேட்டாள். லக்ஷ்மிநாராயணன் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினார். நிறத்தைத் தலைகீழாக்குவது என்று ஒன்று இருந்தது. அழுத்தினார்.

கொலு பொம்மைகள் எல்லாம் பல் மட்டும் கறுத்துப் பேய்க்கூட்டமாயின. வேதாவின் முகம் கரிநீலம், தலைமுடி வெள்ளை.

"ஐயோ, ஏன்னா, மாத்துங்கோ" என்றாள் வேதா.

யாரும் மாற்றவில்லை. மஞ்சள் மீன் நீலமாகியிருந்தது. கறுப்புப் பட்டை வெளிறியிருந்தது. ஃபோனுக்குள் இருந்தது கறுப்பு ஆரட்டஸ். அதன் வெளிறிய பட்டையின் நடுவில், அரிசி அகலத்துக்கு, நீலம் குறுக்கே ஒரு பாலம் போட்டிருந்தது.

இனி தொட்டியில் இருப்பது இடது பக்கத்தைக் காட்ட வேண்டும். அது காட்டவில்லை. கல்லைச் சுற்றியது. மணலைத் துப்பியது. அவர்களைப் பார்த்து வலது பக்கமாகவே நின்றது. வலது பக்கப் பட்டை முழுசு. லக்ஷ்மிநாராயணன் ஃபோனைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர். வேதா அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு நின்றாள். கனகம் எழுந்து போய் ஹால் விளக்கை அணைத்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க. கண்ணு ஊறட்டும்."

மூன்று பேரும் இருட்டில் இருந்தார்கள். ஏர் பம்ப்பின் சத்தம் மட்டும். பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. வேதா போய் அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பருமன் வயிற்றுக்காரி குழிக்குப் பக்கத்தில் வந்தாள். கரிநீல மீன் அவளைத் துரத்திக்கொண்டு கண்ணாடி வரை வந்து, அங்கே திரும்பியது.

வெளிறிய பட்டையில், துடுப்பு முடிகிற இடத்துக்கு நேர் கீழே, நீலப் பாலம்.

லக்ஷ்மிநாராயணன் ஃபோனைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மீன் போய்விட்டது. மறுபடி வரும் வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். அப்புறமும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப மிச்ச மூணுல…" என்றார் மெதுவாக. "இதுலயும் எவனாவது ஒளிஞ்சிண்டிருக்கானா?"

தெரியாது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றாள் கனகம். அவர் மூன்றையும் முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒன்றுக்குத் துடுப்பு கிழிந்திருப்பதை அவர்தான் இப்போது கண்டுபிடித்தது போலச் சொன்னார்.

வேதா விளக்கைப் போட்டாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அப்ப கறுப்பன் செத்துத்தான் போயிட்டான்."

"ஆமா வேதா."

இத்தனை நாளாகக் கனகம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போதுதான் யாரோ கேட்டார்கள். மூடியைப் பாதியில் வைத்ததையும், சிலிண்டரையும், சோபாவுக்குப் பின்னால் கிடந்ததையும் மறுபடி சொன்னாள். முதல் தடவை இதையெல்லாம் சொன்னபோது அவர்கள் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போது தெரிந்தது. லக்ஷ்மிநாராயணன் மூடியைத் தொட்டுப் பார்த்தார். லேசான பிளாஸ்டிக். மாற்றி வைத்தாள் என்ற பழி போனது. மூடாமல் போனாள் என்பது நின்றது.

எந்த நாள் என்று வேதா கேட்டாள். கனகம் தயங்கினாள். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு ஒன்றை விட்டுச் சொல்வது சரியில்லை.

"நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள்."

வேதா சமையலறைக்குப் போனாள். அடுப்பைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அங்கிருந்தே சொன்னாள், "நல்லவேளை, நீங்க ஃபோன் பண்ணலைக்கா."

சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. கனகம் வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பைப் போட்டாள். வேகவில்லை. ஜெகநாதன் என்ன ஆச்சு என்று கேட்டார். நம்பிவிட்டார்கள் என்றாள். எதை என்று கேட்டார். நான் கொன்றதை என்றாள். அவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணப் புடவை எடுக்க வேதாவும் லக்ஷ்மிநாராயணனும் காஞ்சிபுரம் கிளம்பியபோது மாசி பிறந்திருந்தது. கீழே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. வேதா மூச்சு வாங்க வந்து, கனகத்தின் கையில் கொடுக்காமல், கதவுக்குப் பின்னால் தானே கையை விட்டுச் சாவியைக் கொக்கியில் மாட்டினாள்.

"மூடி மேல அம்மிக் குழவியை வச்சிருக்கேன்க்கா. கனமா இருக்கும், பாத்து" என்றாள். படியில் இறங்கிக்கொண்டே, அவர் சொல்லச் சொன்னார் என்று ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: கிழிந்த துடுப்புக்காரியின் வயிறு இரண்டு நாளாகக் கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறதாம், அதை மட்டும் கவனிக்க வேண்டுமாம்.

மாலையில் கனகம் போனாள். ஃபோனை எடுத்துக்கொண்டு போகவில்லை. குழவி நல்ல கனம். இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். தீனி போட்டாள். மூடியைச் சரியாக மூடி, குழவியைத் தூக்கி மறுபடி மேலே வைத்தாள். பிறகு ஹால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை.